கடைவீதி என்னும் கல்விச்சாலை

கல்வி ஏட்டளவில் அடங்குவதன்று என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், ஏட்டிற்குப் புறத்தே எங்கே சென்று, எதனை, எவ்வாறு கற்பது என்று மாணவர் வினவுங்கால் விடை கூறுவார் சிலரே. மலையும் அருவியும் கோட்டையும் கோயிலும் காணச் செல்லும் வழக்கம் கல்லூரிகளில் நெடுநாளாக உண்டு. அங்ஙனம் செல்வோர் கோயிலைக் கருத்தூன்றிக் காண்கின்றனர். அதன் வாயிலில் தொடங்கும் கடைவீதியையோ, திரும்பும் வழியில் பண்டம் வாங்கும் இடமென்று மட்டும் எண்ணிக் கடந்துவிடுகின்றனர். கடைவீதியும் கற்றற்குரியதே. ஒரு நகரத்தார் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகின்றனர் என்பதை அறிதற்கு அதனினும் தக்க இடம் வேறில்லை என்பது எம் கருத்து. மதுரை மாநகரின் கடைவீதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

தாராபுரத்தார்க்கு மதுரை எற்றுக்கு என வினவலாம். காரணம் மூன்று. ஒட்டன்சத்திரமும் திண்டுக்கல்லும் வழியாகப் பேருந்தில் சென்றால் ஒரே நாளில் கண்டு மீளத்தக்க தொலைவில் அந்நகர் உள்ளது. பழந்தமிழ் நூல்களிலே கடைவீதி விரிவாகப் பாடப்பெற்ற நகரங்களுள் அது ஒன்று. நூலையும் வீதியையும் ஒருங்கே வைத்துக் கற்க இயலும். மூன்றாவதாக, அவ்வீதிகளில் விற்கும் பண்டங்களுள் நம் மாவட்டத்துக் கைகள் செய்தவையும் உள. நம் பொருள் எங்கே சென்று யார் கையில் சேர்கின்றது என்று அறிவது நமக்குக் கடன்.

சொல்லும் பொருளும்

முதலிற் சொற்களைக் காண்போம். தமிழில் வாணிகம் நிகழும் இடத்திற்குப் பெயர்கள் பல. குறித்த கிழமையிற் கூடிக் கலைவது சந்தை. வெளியூர்ச் சரக்கு வந்திறங்கி விலைப்படும் ஊர்ப்புற இடம் பேட்டை. நாள்தோறும் நிலைத்து நடப்பது அங்காடி. அங்காடி அமைந்த தெருவைப் பீடிகைத் தெரு என்றும், ஆவணம் என்றும் முன்னோர் வழங்கினர்.

இவற்றுள் ஆவணம் என்னும் சொல் நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. கடைவீதி என்பது அதன் ஒரு பொருள். உரிமையை உறுதிசெய்யும் எழுத்தோலை என்பது மற்றொரு பொருள். இன்று பதிவு அலுவலகத்தில் நாம் ஆவணம் என்பது இப்பின்னைய பொருளிலேயே. சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக. பண்டம் கைமாறும் தெருவையும், சொன்ன சொல் மாறாதபடி கட்டும் ஓலையையும் ஒரே ஒலியாற் குறித்த மொழி நம்முடையது என்பதை மாணவர் நினைவிற் கொள்க. விற்பவன் சொல்லும் வாங்குபவன் சொல்லும் உறுதியாயிருந்தாலன்றிக் கடைவீதி ஒரு நாளும் நடவாது.

நூல் காட்டும் வீதி

பத்துப்பாட்டினுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி, 782 அடிகளை உடையது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய அந்நூல், நிலையாமையை அறிவுறுத்த எழுந்தது. ஆயினும் அதன் பெரும்பகுதி, நிலைத்து இயங்கும் ஒரு நகரத்தின் ஒரு நாட்பொழுதைக் காட்டுவதாக உள்ளது. பகலில் நடக்கும் நாளங்காடியும், மாலையில் தொடங்கும் அல்லங்காடியும் அதிற் பேசப்படுகின்றன. பகலோடு முடியாது இரவிலும் வாணிகம் நடந்ததெனின், விளக்கும் காவலும் மக்கட் பெருக்கமும் அந்நகரில் இருந்தன என்பது தானே போதரும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் ஒழுக்கத்தைக் கூறுகின்றது. தாம் பெறுவதில் மிகை விரும்பாமலும், பிறர்க்கு அளப்பதில் குறை செய்யாமலும், விலையை மறையாது உரைத்து அவர்கள் விற்றனர் என்பது அதன் கருத்து. வணிகர் செல்வத்தைப் புகழ்வதோடு அமையாமல், அவர்தம் நடுவுநிலையையும் புலவர் புகழ்ந்தமை கருதற்பாலது.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே, கோவலன் மதுரையின் தெருக்களைச் சுற்றிப் பார்க்கின்றான். மணிக்கற்களின் தெருவும், பொன் விற்கும் தெருவும், துணித் தெருவும், கூலம் என்னும் தானியத் தெருவும் முறையே வருகின்றன. மணிகளின் நலமும் குற்றமும் பிரித்துணரப்படுகின்றன. பொன்னின் வகைகள் இடந்தெரியக் கொடி கட்டிக் காட்டப்படுகின்றன. பஞ்சு, மயிர், பட்டு ஆகியவற்றால் நெய்த ஆடைகள் அடுக்கிக் கிடக்கின்றன. தானியத் தெருவிலே நிறைகோலும் அளவுகலன்களும் மிளகுப் பொதிகளும் காணப்படுகின்றன.

மணித்தெருவைப் படிக்குங்கால் கொங்குநாட்டு மாணவர் சிறிது நின்று படித்தல் வேண்டும். நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூரில் நடந்த அகழாய்வுகள், பண்டு அங்கே மணிகள் செய்யும் தொழில் சிறந்திருந்ததை வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். நம் காங்கயத்தை அடுத்த படியூரும் பெரில் என்னும் மணிக்கல்லுக்குப் பெயர் பெற்றது. ஆகவே, தலைநகரின் ஒளி பொருந்திய தெருவிற்குப் பின்னே, புழுதி படிந்த ஊர் ஒன்றில் கல்லைத் தேய்த்துத் துளையிட்டோர் இருந்தனர் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். எக்கடைவீதிக்கும் இஃது ஒக்கும்.

இனி, இளங்கோவடிகள் இத்தெருக்களை இத்துணை விரிவாகக் கூறியது எதன்பொருட்டு? வருணனைச் சுவைக்காக மட்டும் என்று யாம் கருதவில்லை. அளவு பிழையாத, குற்றம் மறையாத கடைவீதியை நம் கண்முன் நிறுத்திய பின்னரே, கொலைக்களக் காதையில் பொய்யனாகிய பொற்கொல்லனை அவர் கொணர்கின்றார். கோவலன் விற்கக் கொண்டுசென்றது ஒரே ஒரு சிலம்பு. வாங்குபவனைத் தேடிச் சென்ற அயலூரான், தான் நம்பிய ஒருவனாலேயே கள்வன் எனப்பட்டு மாண்டான். பின்னர் நகரமே எரிந்தது. அரசன் தவறு அதில் உண்டு. ஊழும் உண்டு என்று காப்பியம் கூறும். ஆயினும் தவறு தொடங்கிய இடம் ஒரு விற்பனைப் பேச்சு. நேர்மையுடைய ஆயிரம் கடைகள் சேர்ந்து ஈட்டிய நம்பிக்கையை ஒரு பொய் எவ்வளவு விரைவில் அழிக்கும் என்பதற்கு இதனினும் கடுமையான பாடம் தமிழில் இல்லை.

இன்றைய வீதிகள்

காப்பியம் பாடிய தெருக்களே இன்றைய தெருக்கள் என்று யாம் கூறவில்லை. இன்று நாம் காணும் பழநகரின் அமைப்பு நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றன்புறம் ஒன்றாகச் சதுரச் சதுரமாக வீதிகள் சூழ்ந்துள்ளன. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலின் புறத்தே சித்திரை வீதி. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. இவை திங்கட்பெயரும் திருவிழாப் பெயரும் பூண்டவை. சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். இவ்விழா ஒருகாலத்தில் மாசியில் நடந்தது என்றும், திருமலை நாயக்கர் அதனைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் கூறுவர். விழா பெயர்ந்தும் வீதியின் பெயர் பெயரவில்லை.

மாசி வீதிக்கு வெளியே பெயர்களின் போக்கு மாறுகின்றது. அங்கே மாரட்டு வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும், வெளி வீதியும் உள்ளன. 1840-களில் பிளாக்பர்ன் என்னும் ஆட்சித்தலைவர் நகரின் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பித்தார். அப்பணியில் ஈடுபட்ட மாரட்டு என்பவர் பெயரும் பெருமாள் மேஸ்திரி பெயரும் புதுத் தெருக்களுக்கு இடப்பட்டன. மதிலுக்கு வெளியே அமைந்தது வெளி வீதி. பிளாக்பர்ன் நினைவாக நாட்டிய விளக்குத் தூண் இன்றும் ஓர் இடப்பெயராகவே வழங்குகின்றது. இவ்வாறு, கோயிலிலிருந்து வெளி வீதி வரை நடக்கும் மாணவன் பஞ்சாங்கத்தில் தொடங்கி வரலாற்றில் முடிகின்றான்.

இவ்வீதிகளில் நடந்து செல்வோர் வியப்புறும் செய்தி ஒன்றுண்டு. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் நெருங்கியுள்ளன. விளக்குத் தூணைச் சூழ்ந்த பகுதியிலும் தெற்கு மாசி வீதியிலும் துணிக்கடைகள் மிக்குள்ளன. கீழ மாசி வீதியிலோ மளிகைச் சரக்கின் மொத்த வாணிகம் நடக்கின்றது. மிளகாய், மல்லி, மிளகு ஆகியவற்றின் நெடி மூக்கிற் புகுந்து தும்மச் செய்யும். பொன், துணி, கூலம் எனக் காப்பியம் பிரித்த பிரிவே இன்றும் பெரிதும் நிற்கின்றது.

ஒரே பண்டம் விற்போர் ஒரே தெருவிற் கூடுவது ஏன்? போட்டியை அஞ்சிப் பிரிந்து செல்லாரோ எனின், செல்லார். பல கடைகள் ஒருங்கிருந்தால் அப்பண்டம் வேண்டுவோர் அனைவரும் அவ்விடமே நாடி வருவர். தனியே நிற்கும் கடைக்கு அக்கூட்டம் வாராது. வாங்குபவர் நான்கு கடை ஏறி விலையும் தரமும் ஒப்பிடுவர்; அதனால் மிகை விலை கூறுவோன் தானே அடங்குவான். பொன்னை உரைத்துப் பார்ப்போர், பழுது நீக்குவோர், சுமை தூக்குவோர், கடன் தருவோர் ஆகிய துணைத்தொழிலாளரும் அருகிலேயே பிழைப்பர். தன்னிடம் இல்லாத சரக்கை அடுத்த கடையிலிருந்து வாங்கித் தன் வாடிக்கையாளர்க்குத் தரும் வணிகரை எத்தெருவிலும் காணலாம். போட்டியும் உதவியும் ஒரே திண்ணையில் அமர்ந்திருத்தல் கடைவீதியின் இயல்பு.

புது மண்டபம்

இனி, கற்போர் தம் அறிவை மட்டுமன்றி மனச்சான்றையும் செலுத்தி எண்ண வேண்டிய ஓர் இடத்திற்கு வருவோம். கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே நிற்பது புது மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வேனில் விழாவிற்காகக் கட்டுவித்தமையால் வசந்த மண்டபம் என்றும் பெயர் பெற்றது. நாயக்க மன்னர்களின் உருவங்களும், தெய்வ வடிவங்களும், யாளிகளும் தாங்கிய கற்றூண்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. நானூறு ஆண்டுகளை அணுகும் பழைமையுடைய அம்மண்டபத்தை இன்றும் மக்கள் புது மண்டபம் என்றே அழைக்கின்றனர்.

தலைமுறை தலைமுறையாக அம்மண்டபம் ஒரு கடைவீதியாகவே விளங்கிற்று. தூணடியில் தையற்பொறி ஓடும். சித்திரைத் திருவிழாவில் வேடம் பூணுவோர்க்குரிய உடைகளும், தேர்க்கும் கோயிலுக்கும் உரிய தொம்பைகளும், குடைகளும் அங்கே தைக்கப்பட்டன. பித்தளைப் பாத்திரம், வளையல், மரப்பாவை, பஞ்சாங்கம், பழம் புத்தகம், பள்ளிக்கூட நோட்டு ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தன. சிற்பத்தைக் காண வந்தோர் துணி மூட்டைகளுக்கு இடையே எட்டிப் பார்த்தனர். துணி வாங்க வந்தோர் சிற்பத்தில் சாய்ந்து இளைப்பாறினர்.

இந்நிலையில், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கோயிலின் கீழைப்பகுதியில் உள்ள வீரவசந்தராய மண்டபத்தில் தீப்பற்றிற்று. அங்கிருந்த கடைகள் பல எரிந்தன. கற்றூண்களும் கூரையும் வெடித்துச் சிதைந்தன. சில மணி நேரத்தில் அழிந்ததைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. பழைய கல்மண்டபங்களுக்குள் கடைகள் இருக்கலாமா என்னும் வினா அதன்பின் வலுத்தது. 2022-ஆம் ஆண்டையொட்டிப் புது மண்டபத்துக் கடைக்காரர்கள், மாநகராட்சி எழுப்பிய குன்னத்தூர் சத்திர வணிக வளாகத்திற்கு இடம்பெயர்ந்தனர்.

இதனை எவ்வாறு மதிப்பது? மண்டபம் காக்கப்பட வேண்டும் என்பார் பக்கம் நீதி உண்டு. சிதைந்த சிற்பம் மீளாது. மின்கம்பியும் துணியும் காகிதமும் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். கடைக்காரர் பக்கமும் நீதி உண்டு. அவர்களுடைய முதல், பெட்டியில் உள்ள பணம் மட்டுமன்று. இன்ன தூணுக்கு அருகே இன்னார் கடை என்று ஊரார் நெஞ்சில் பதிந்த நினைவும் முதலே. கோயிலுக்கு வந்தவர் கால் தானே வந்து நின்ற இடம் அது. மாடிப்படி ஏறித் தேட வேண்டிய புது இடத்தில் அம்முதலை மீண்டும் முதலிலிருந்தே ஈட்ட வேண்டும்.

எம் கருத்தைச் சுருங்கக் கூறுவோம். கல்லைக் காப்பதற்காகக் கடையைப் பெயர்த்தல் தகும். ஆனால் பெயர்த்ததோடு கடன் தீர்ந்தது என்று எண்ணுதல் தகாது. தொம்பை தைக்கும் கைத்திறன் அழிந்தால், பல நூறாண்டுத் திருவிழா எதனை உடுத்து வரும்? மண்டபத்தைக் காண்போர் அதன் பழைய குடிகளையும் தேடிச் சென்று காணுமாறு வழிகாட்டும் பலகையும், அவர்தம் தொழிலைப் பற்றிய குறிப்பும், தாங்கத்தக்க வாடகையும் நகரம் அளிக்க வேண்டிய மறுமொழிகள். சிற்பத்தைப் படமெடுத்துத் திரும்பும் மாணவனும், இடம்பெயர்ந்த தையற்காரரிடம் கால் நாழிகை பேசிவிட்டு வருதல் கடமையாம்.

நம் மாவட்டம்

மதுரையில் கற்றதை நம் ஊரில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 2009-ஆம் ஆண்டில் அமைந்த நம் திருப்பூர் மாவட்டத்தின் தலைநகரில், புகைவண்டி நிலையத்திற்கு அண்மையில் காதர்பேட்டை என்னும் பனியன் கடைப்பகுதி உள்ளது. பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்கு ஆனவை போக எஞ்சியவையும், உள்நாட்டு விற்பனைக்கென்றே தைத்தவையும் அங்கே குவிந்துள்ளன. பல மாநிலத்துச் சிறுவணிகர் அங்கு வந்து மூட்டை கட்டிச் செல்கின்றனர். மதுரை மாசி வீதியின் நடைபாதையில் கூவி விற்கும் பனியனைக் கையிலெடுத்துப் பார்த்தால், அதன் பிறந்தகம் நொய்யற்கரையாக இருத்தல் கூடும்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்காதர்பேட்டையிலும் தீ மூண்டு, வரிசையாக அமைந்திருந்த சிறு பனியன் கடைகள் பல சாம்பலாயின. அங்கே சிற்பத்தூண் இல்லை. ஆகவே அது வரலாற்று இழப்பாகப் பேசப்படவில்லை. ஆயினும், கடனுக்குச் சரக்கு எடுத்து விற்கும் சிறுவணிகர்க்கு ஒரு நாட்சரக்கே ஓராண்டு வாழ்வு. பழைமையின் பெருமை இல்லாத கடைவீதிக்கும் காவல் வேண்டும். அகன்ற வழியும், ஒழுங்கான மின்கம்பியும், காப்பீடும் வேண்டும். மதுரையில் கல்லுக்காக வருந்தக் கற்ற நாம், திருப்பூரில் துணிக்காகவும் அதனை நம்பிய குடும்பங்களுக்காகவும் வருந்தக் கற்றல் வேண்டும்.

காணும் முறை

இறுதியாக, கடைவீதி காணச் செல்லும் மாணவர்க்குச் சில கூறுவோம். காலையில் கடை திறக்குமுன் ஒருமுறையும், விளக்கேற்றிய பின் ஒருமுறையும் அதே தெருவில் நடக்க; நாளங்காடியும் அல்லங்காடியும் அப்போது விளங்கும். தெருப்பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுள் எது தொழிலால் வந்தது, எது விழாவால் வந்தது, எது ஆளால் வந்தது எனப் பிரித்து எழுதுக. ஒரு பண்டத்தைத் தேர்ந்து, அஃது எங்கே விளைந்து அல்லது எங்கே செய்யப்பட்டு, எத்தனை கை மாறி அங்கு வந்தது என்று பணிவுடன் கேட்டறிக. வாணிகம் முறுகி நிற்கும் வேளையில் வினவி இடர் செய்யற்க. நண்பகல் ஓய்விலே கடைக்காரர் தாமே கதை சொல்வர்.

அளவைகளையும் நோக்குக. பலமும் வீசையும் கிலோகிராமுக்கு இடந்தந்து பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் பூக்காரி மல்லிகைச் சரத்தை இன்றும் முழத்தாலேயே அளக்கின்றாள். அவள் முழங்கை நீளமா குறைவா என்று எவரும் வழக்காடுவதில்லை. நம் கொங்குநாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் தொட்டு விலை பேசும் முறையையும் இதனோடு ஒப்பிடுக. ஒன்று வெளிப்படை, மற்றொன்று மறைவு, இரண்டையும் தாங்குவது சொல்லின்மேல் வைத்த நம்பிக்கையே. இன்று கைப்பேசியால் விலை கொடுக்கின்றோம். முகம் அறியாதாரிடம் வீட்டிலிருந்தே வாங்குகின்றோம். அவ்வாணிகத்திற்கும் அடிப்படை அதுவே. பண்டம் பழுதாயின் எவர் முகத்தை நோக்கி முறையிடுவது என்பது மட்டும் மாறிவிட்டது.

விலை பேசுதல் குற்றமன்று. அது கடைவீதியின் உரையாடல். ஆயினும், நாள் முழுதும் நிற்கும் முதியவரிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடிவிட்டு, விலைச்சீட்டு ஒட்டிய பெருங்கடையில் வாய் திறவாது பணம் செலுத்துவோமாயின், நம் நிறைகோல் சாய்ந்தது என்பதை அறிதல் வேண்டும். வணிகனிடம் நடுவுநிலை வேண்டிய பழம்புலவர்கள் இன்று இருந்தால், வாங்குவோரிடமும் அதனை வேண்டியிருப்பர்.

தாராபுரத்துக் கடைவீதியைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்குவது இப்பாடத்தின் பயிற்சியாகட்டும். எக்கடை யாரால் எந்த ஆண்டு திறக்கப்பட்டது, எந்தத் தொழில் நின்றுபோயிற்று, எந்த அளவுகலன் இன்னும் வழங்குகின்றது என்பவற்றை முதியோரிடம் கேட்டு, அவர் இசைவு பெற்று எழுதி, நம் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்போமாக. பழைய மாணவர்களும் தத்தம் ஊரிலிருந்து எழுதி அனுப்பலாம். மதுரைக்கு ஒரு மருதனார் கிடைத்தார். நம் தெருக்களை நாமே எழுதினாலன்றி அவை எழுதப்படா.